ஆலயத்துள் இறங்கிய கதிரவன்

இத்தாலி நாட்டின் பொலோஞா நகரிலுள்ள சான் பெத்ரோனியோ பேராலயத்துக்கு நாள்தோறும் சுற்றுலாக் குழுக்கள் வருகின்றன. கையில் குடையையோ சிறு கொடியையோ உயர்த்திப் பிடித்தபடி வழிகாட்டி முன்னே செல்கிறார். குழு அவரைப் பின்தொடர்கிறது. பலிபீடம், ஓவியங்கள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் என்று எல்லோருடைய கண்களும் மேலேயே உலவுகின்றன. காலடியில் ஏறத்தாழ 67 மீட்டர் நீளத்துக்கு ஓடும் ஒரு பித்தளைக் கோட்டைப் பலர் கவனியாமலே மிதித்துக் கடந்துவிடுகின்றனர்.

17ஆம் நூற்றாண்டில் வானவியலின் மிகப் பெரிய வழக்குகளுள் ஒன்றுக்கு அந்தக் கோட்டின் மேல்தான் தீர்ப்பு எழுதப்பட்டது. எழுதியவர் மனிதர் அல்லர். கூரையிலிருந்த ஒரு சிறு துளை வழியே இறங்கி வந்த கதிரவன்.

வாசகர்களே, நாமும் ஒரு குழுவாகச் சேர்ந்து அந்தக் கோட்டைக் காணப் புறப்படுவோம். நேரே பொலோஞாவுக்குப் போகாமல், வழியில் வேறு சில பழம்பெரும் தலங்களையும் பார்த்துச் செல்வோம். நமக்கு வழிகாட்டி ஓர் ஒளிக்கற்றை. ஐந்தாயிரம் ஆண்டுப் பயணம் இது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இத்தலங்களைக் கட்டியவர்கள் கதிரவனை உள்ளே அழைத்தது வணங்குவதற்காகவா, அளப்பதற்காகவா?

கையோடு எடுத்துச் செல்ல வேண்டியது

பயணத்துக்கு மூட்டைமுடிச்சு வேண்டாம். இயற்பியல் உண்மை ஒன்று போதும். நண்பகலில் புளியமரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். நிழலுக்கு நடுவே வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் சிதறிக் கிடக்கும். இலைகளுக்கு இடையேயுள்ள சந்துகள் முக்கோணமாகவும் கோணல்மாணலாகவும் இருக்க, பொட்டுகள் மட்டும் வட்டமாக விழுவானேன்? அவை சந்துகளின் வடிவம் அல்ல, கதிரவனின் பிம்பங்கள். 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் சூரிய கிரகணம் தெரிந்தபோது மரத்தடியைக் கவனித்தவர்கள், அந்த வட்டங்கள் எல்லாம் பிறை பிறையாக மாறியதைக் கண்டிருப்பார்கள். வகுப்பில் ஊசித்துளைக் காமிரா என்று நாம் படிப்பதும் இதைத்தான்.

இப்பிம்பத்தின் அளவை எளிதில் கணக்கிடலாம். கதிரவன் தன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 107 மடங்கு தொலைவில் இருக்கிறான். ஆகவே துளைக்கும் தரைக்கும் உள்ள தொலைவை 107ஆல் வகுத்தால் பிம்பத்தின் விட்டம் கிடைக்கும். ஓட்டு வீட்டின் கூரைத் துளை 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரையில் விழும் வட்டம் 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். துளை உயர உயரப் பிம்பம் பெரிதாகும். இந்த ஒரு வாய்பாடு நமக்குப் பின்னர் பெரிதும் உதவும்.

முதல் தலம்: நியூகிரேஞ்சு

அயர்லாந்தின் போய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நியூகிரேஞ்சு என்னும் இடத்தில் ஏறத்தாழ 85 மீட்டர் விட்டமுள்ள ஒரு மேடு உள்ளது. கல்லும் மண்ணும் அடுக்கிக் கட்டப்பட்ட ஈமச்சின்னம் அது. கட்டப்பட்ட காலம் ஏறத்தாழ கி.மு. 3200, எகிப்தின் பெரிய பிரமிடைவிட அரை ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. மேட்டினுள்ளே 19 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய கல்வழி ஒன்று செல்கிறது. அதன் முடிவில் ஓர் அறை; எந்நேரமும் இருள்.

1962 முதல் இங்கு அகழாய்வு நடத்திய மைக்கேல் ஓ'கெல்லி என்ற தொல்லியல் பேராசிரியர், நுழைவாயிலுக்கு மேலே பெட்டி போன்ற ஒரு கல் திறப்பைக் கண்டார். வாயில் ஏற்கெனவே இருக்கும்போது அதற்கு மேல் இன்னொரு திறப்பு எதற்கு? உள்ளறைக்குள் கதிரவன் ஒளி புகுவதுண்டு என்று அக்கம்பக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். வழியின் திசை தென்கிழக்கு. அத்திசையில் கதிரவன் உதிப்பது குளிர்காலத்தில். இதை எண்ணிப் பார்த்த ஓ'கெல்லி, 1967 டிசம்பர் 21 அன்று விடியுமுன் உள்ளறைக்குச் சென்று இருளில் காத்திருந்தார். ஆண்டின் மிகக் குறுகிய பகலையுடைய நாள் அது. கதிரவன் எழுந்த சில நிமிடங்களில் மேல் திறப்பின் வழியே கோடு போன்ற ஒளி நுழைந்து, கல்வழி நெடுகிலும் ஓடி, உள்ளறையின் தரையைத் தொட்டது. ஏறத்தாழ 17 நிமிடங்கள் அறை ஒளி பெற்றது. பிறகு மீண்டும் இருள்.

இதிலுள்ள பொறியியல் நுட்பத்தைக் கவனியுங்கள். கல்வழியின் தரை உள்ளே போகப் போக உயர்ந்துகொண்டே செல்கிறது. உள்ளறைத் தரை ஏறத்தாழ அந்த மேல் திறப்பின் மட்டத்தில் அமைந்துள்ளது. ஆதலால் வாயில் வழியாக வரும் ஒளி பாதி வழியிலேயே நின்றுவிடும். மேல் திறப்பின் ஒளி மட்டுமே அறையை எட்டும். இது தற்செயலாக அமைந்திருக்க முடியாது. எழுத்தும் உலோகமும் அறியாத மக்கள், பல ஆண்டுகள் அடிவானத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தால்தான் இது கைகூடும்.

இரண்டாம் தலம்: ஸ்டோன்ஹெஞ்சு

அயர்லாந்திலிருந்து கடலைக் கடந்தால் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளி. இங்கு ஏறத்தாழ கி.மு. 2500இல் நிறுத்தப்பட்ட ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் சராசரி 25 டன் எடையுள்ளவை. சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு காட்டுப் பகுதியிலிருந்து அவை வந்தன என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறிய நீலக்கற்கள் வேல்சு மலைகளிலிருந்து வந்தவை. நடுவே கிடக்கும் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது என்று 2024இல் தெரியவந்தது. அப்படியானால் அக்கல் குறைந்தது 700 கிலோமீட்டர் பயணம் செய்திருக்கிறது!

இக்கற்களின் அச்சு, கோடையின் மிக நீண்ட பகல் நாளில் கதிரவன் உதிக்கும் திசையையும், குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் நாளில் மறையும் திசையையும் இணைக்கிறது. இவ்வளவும் உறுதி. ஆனால் 1960களில் ஜெரால்டு ஹாக்கின்சு என்ற வானவியலார், இங்குள்ள 56 குழிகள் கிரகணங்களை முன்கூட்டிக் கணிக்கும் கருவி என்றார். கணிப்பொறி புதுமையாக இருந்த காலம், உலகமே வியந்தது. தொல்லியலார் இதை ஏற்கவில்லை. குழிகள் தோண்டப்பட்ட காலம் வேறு, பெரிய கற்கள் நிறுத்தப்பட்ட காலம் வேறு; இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன. மேலும் பல கற்களும் பல குழிகளும் உள்ள இடத்தில் ஏதாவது இரண்டை இணைத்துக் கோடு போட்டால், வானில் ஏதாவது ஒன்றைச் சுட்டாமல் இராது.

நம் கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. இம்மக்கள் கதிரவனை நன்கு அறிந்திருந்தனர். அவன் வரும் நாளைக் கொண்டாடினர். ஆனால் அவர்களுடைய கட்டடம் ஒரே ஒரு நாளைத்தான் சொல்லும். "வந்துவிட்டான்" என்று சொல்லும். "எவ்வளவு" என்று சொல்லாது. அளவுக்காக நாம் நாலாயிரம் ஆண்டுகளைத் தாண்டி இத்தாலிக்குச் செல்ல வேண்டும்.

திருநாள் தவறிய கதை

கிறித்தவ சமயத்தின் தலையாய திருநாள் ஈஸ்டர். இரவும் பகலும் சமமாகும் வசந்தகால நாளுக்குப் பின் வரும் முழுநிலவையடுத்த ஞாயிறு அன்று அது கொண்டாடப்படும். சமநாளை மார்ச் 21 என்று திருச்சபை வைத்துக்கொண்டது. ஆனால் அக்காலத்து ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்கு 365¼ நாள் என்று கணக்கிட்டது. உண்மை ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. பதினோரு நிமிடந்தானே என்று எண்ணிவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டுக்குள் அது 10 நாளாகச் சேர்ந்துவிட்டது. சமநாள் மார்ச் 11க்கே வந்துவிட்டது. திருநாள் தவறான நாளில் நடந்துகொண்டிருந்தது.

இதைச் சீராக்க முதலில் ஆண்டின் நீளத்தைத் துல்லியமாக அளந்தாக வேண்டும். அதற்கு என்ன கருவி? உயரமான, இருண்ட, அசையாத கட்டடம். கூரையில் ஒரு துளை. தரையில் வடக்கு தெற்காக ஒரு கோடு. ஒவ்வொரு நண்பகலிலும் பிம்பம் அக்கோட்டைக் கடக்கும். கோடையில் கதிரவன் உயரத்தில் இருப்பதால் துளைக்கு அருகிலும், குளிர்காலத்தில் தாழ்ந்திருப்பதால் தொலைவிலும் விழும். பிம்பம் அதே இடத்துக்கு மீண்டும் வர எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினால் அதுவே ஆண்டு. இத்தகைய கட்டடம் ஐரோப்பாவில் பேராலயங்களைத் தவிர வேறு எங்கே இருந்தது?

பிளாரென்சு நகரப் பேராலயத்தின் குவிமாடம் புரூனலெஸ்கி எழுப்பியது, 1436இல் நிறைவுற்றது. 1475ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொஸ்கனெல்லி என்ற அறிஞர் அதன் உச்சியில், தரையிலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில், துளையுள்ள ஒரு தகட்டைப் பொருத்தினார். நம் வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள்: ஜூன் மாத நண்பகலில் தரையில் விழும் கதிரவன் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலம்! ஆனால் துளை மிக உயரத்தில் இருப்பதால் கோடையின் சில வாரங்களில் மட்டுமே பிம்பம் தரைக்கு வரும்.

ஆண்டு முழுவதும் அளக்க எண்ணியவர் இக்னாசியோ தாந்தி என்ற தொமினிக்கன் துறவி. 1575-76ஆம் ஆண்டுகளில் பொலோஞாவின் சான் பெத்ரோனியோ ஆலயத்தில் அவர் ஒரு நண்பகற்கோடு அமைத்தார். 1582இல் போப்பாண்டவர் 13ஆம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவிக்கப்பட்டது. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் ஆங்கிலத் தேதி இந்தத் திருத்தத்தின் வழி வந்ததுதான்.

நடுத்தலம்: பொலோஞா

இப்போது நாம் தேடி வந்த இடத்துக்கு வந்துவிட்டோம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சான் பெத்ரோனியோ ஆலயத்தை விரிவாக்கியபோது, தாந்தியின் கோட்டுக்கு ஒளி தந்த சுவர் இடிபட நேர்ந்தது. அப்போது முப்பது வயதே ஆன வானவியல் பேராசிரியர் ஜியோவன்னி தொமேனிக்கோ காசினி, இன்னும் பெரிய கோடு ஒன்றை அமைக்கலாம் என்றார். தூண்கள் குறுக்கே நிற்பதால் முடியாது என்று பலர் தலையசைத்தனர். தூண்களை உரசாமல் செல்லும் ஒரே பாதையைக் காசினி கண்டுபிடித்தார். 1655இல் கோடு நிறைவேறியது. துளையின் உயரம் 27.07 மீட்டர், துளையின் விட்டம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கோட்டின் நீளம் ஏறத்தாழ 67 மீட்டர்.

கோட்டை அமைக்கச் சொன்ன காரணம் நாட்காட்டிதான். ஆனால் காசினியின் மனத்தில் வேறொரு கேள்வியும் இருந்தது. அது என்ன வழக்கு என்று பார்ப்போம்.

வசந்த சமநாளிலிருந்து இலையுதிர்கால சமநாள் வரை ஏறத்தாழ 186 நாட்கள். அங்கிருந்து மீண்டும் வசந்த சமநாள் வரை 179 நாட்களே. குளிர்காலத்தில் கதிரவன் வேகமாக நகர்வதுபோல் தோன்றுகிறது. பழைய வானவியலார் சொன்ன விளக்கம் இது: கதிரவன் ஒரே சீரான வேகத்தில் வட்டமாகச் செல்கிறான், பூமி அவ்வட்டத்தின் மையத்திலிருந்து சற்று விலகியிருக்கிறது, ஆகவே குளிர்காலத்தில் நமக்கு அருகில் வருகிறான், அருகில் செல்வது வேகமாகத் தோன்றுவது இயல்பு. வேக மாற்றம் முழுவதும் வெறும் தோற்றமே.

கெப்ளர் இதை மறுத்தார். வேக மாற்றத்தில் பாதி தோற்றம், பாதி உண்மை. அருகில் இருக்கும்போது உண்மையிலேயே வேகம் கூடுகிறது என்றார். அப்படியானால் தொலைவு மாறுவதும் பழையவர்கள் சொன்னதில் பாதிதான் இருக்கும்.

எது சரி? வாதத்தால் தீராது, ஆனால் அளவால் தீரும். கதிரவன் அருகில் வந்தால் பெரிதாகத் தெரிய வேண்டும். பழைய கொள்கை சரியென்றால் குளிர்காலக் கதிரவனின் தோற்ற விட்டம் கோடைக் கதிரவனைவிட ஏறத்தாழ 7 சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும்; கெப்ளர் சரியென்றால் 3½ சதவீதமே.

ஓட்டு வீட்டுத் துளையில் இதைக் காண முடியுமா? 3 சென்டிமீட்டர் வட்டத்தில் 3½ சதவீதம் என்பது 1 மில்லிமீட்டர். பிம்பத்தின் விளிம்பு மங்கலில் அது கரைந்துவிடும். சான் பெத்ரோனியோவில் நிலைமை வேறு. டிசம்பர் நண்பகலில் ஒளி சாய்ந்து வருவதால் துளையிலிருந்து தரைக்கு 72 மீட்டர் பயணம் செய்கிறது. பிம்பத்தின் குறுக்களவு ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். அங்கே இரு கொள்கைகளுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு சென்டிமீட்டர். அளவுகோலால் அளக்கலாம்! தொலைநோக்கிகளில் நுண்ணளவுக் கருவி பொருத்தும் வழக்கம் இன்னும் பரவாத அக்காலத்தில், பேராலயத்தின் இருளும் உயரமும் வேறு எங்கும் கிடைக்காத வசதிகள்.

காசினியும் உடனிருந்தவர்களும் ஆண்டு நெடுகிலும் அளந்தனர். பிம்பம் கெப்ளர் பக்கம் நின்றது.

தீர்ப்பின் பொருள் என்ன?

இங்கே ஆண்டுகளை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பூமி கதிரவனைச் சுற்றுகிறது என்று வாதிட்டதற்காகக் கலிலியோவைத் திருச்சபை தண்டித்தது 1633இல். கெப்ளரின் பாடநூலும் தடைப்பட்டியலில் இருந்தது. அதன்பின் 22 ஆண்டுகளில், அதே திருச்சபையின் ஆட்சிக்குட்பட்ட நகரில், ஓர் ஆலயத்தின் தரையிலேயே கெப்ளரின் கணக்கு உறுதியானது.

இதைக் கேட்டவுடன் இரண்டு முடிவுகளுக்குத் தாவத் தோன்றும். "சமயம் என்றும் அறிவியலின் எதிரி" என்பது ஒன்று. "அப்படி எதிர்ப்பே இருந்ததில்லை" என்பது மற்றொன்று. இரண்டும் அவசரமானவை. கலிலியோ வீட்டுக்காவலிலேயே 1642இல் இறந்தார். அவருடைய நூல் 1835 வரை தடைப்பட்டியலில் கிடந்தது. அதை எந்தப் பித்தளைக் கோட்டாலும் மறைக்க முடியாது. அதே சமயம், திருநாளைச் சரியான நாளில் கொண்டாட விரும்பியவர்களுக்குச் சரியான அளவு தேவைப்பட்டது. சரியான அளவு வேண்டுமென்றால் அளப்பவனைச் சுதந்திரமாக அளக்க விட வேண்டும். அளவு என்ன சொல்லும் என்று முன்கூட்டியே கட்டளையிட முடியாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எது எதைச் சுற்றுகிறது என்ற கேள்வியைக் காசினியின் அளவீடு தீர்க்கவில்லை. பூமி சுற்றினாலும் கதிரவன் சுற்றினாலும் தொலைவு மாறுவது ஒன்றுபோலவே இருக்கும். அது நிறுவியது, வானத்துப் பொருள்கள் சீரான வேகத்தில்தான் செல்ல வேண்டும் என்ற ஈராயிரம் ஆண்டு நம்பிக்கை தவறு என்பதை மட்டுமே. ஒரு சோதனை எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்று பிரித்தறிவதும் அறிவியலின் பகுதியே.

இறுதித் தலங்கள்: ரோமும் பாரிசும்

பொலோஞாவைப் பார்த்து மற்ற நகரங்களும் கோடு போட்டன. ரோம் நகரில் பழைய குளியல் மாளிகை ஒன்றின் கூடத்தை மைக்கேலாஞ்சலோ ஆலயமாக மாற்றியமைத்திருந்தார். அங்கே போப்பாண்டவர் 11ஆம் கிளமெண்டின் விருப்பப்படி பியாங்கினி என்பவர் 1702இல் 45 மீட்டர் நீளக் கோடு அமைத்தார். ரோம் மக்கள் 1846 வரை நண்பகலைச் சரிபார்க்க அதையே நம்பினர்.

பாரிசின் சான் சுல்பீசு ஆலயத்தில் ஒரு சிக்கல். குளிர்காலப் பிம்பம் ஆலயச் சுவருக்கு அப்பால் விழும். ஆகவே கோட்டைச் சுவரோரம் கொண்டுபோய், 10 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சலவைக்கல் தூண் ஒன்றின்மீது ஏற்றிவிட்டனர். டிசம்பரில் கதிரவன் தரையில் நடப்பதில்லை, தூணில் ஏறுகிறான். 1743இல் இதை நிறைவாக்கிய லெமோனியே ஆராய்ந்தது வேறொரு கேள்வியை: பூமியின் அச்சுச் சாய்வு நிலையானதா, மாறுகிறதா? இன்று நாம் அறிவோம். அது நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 47 வினாடிக் கோணம் குறைகிறது.

இந்த இடத்தில் நம் பயணம் தொடங்கிய இடத்தைத் தொடுகிறது. நியூகிரேஞ்சு கட்டப்பட்டபோது சாய்வு ஏறத்தாழ 24 பாகை, இன்று 23.44 பாகை. அன்று கதிரவன் அடிவானத்தைத் தொட்டு எழும்போதே உள்ளறைக்குள் புகுந்த ஒளி, இன்று ஏறத்தாழ நான்கு நிமிடம் தாமதித்துப் புகுகிறது. அந்த நான்கு நிமிடத்துக்குக் காரணம் சொல்லக் கூடியவர்கள் பேராலயத் தரையில் கோடு போட்டவர்களின் வழிவந்தோர்.

வணங்கவா, அளக்கவா என்று கேட்டோம். நியூகிரேஞ்சில் கதிரவன் எதிர்பார்த்த நாளில் வந்தான், மக்கள் மகிழ்ந்தனர். பொலோஞாவிலும் எதிர்பார்த்த கோட்டில் வந்தான். ஆனால் அங்கே, எதிர்பார்த்த அளவில் அவன் வராமலும் போகலாம் என்பதற்குக் காசினி இடம் விட்டிருந்தார். அந்த இடந்தான் ஒளி வரும் துளையைக் கருவியாக்கியது.

பயணம் முடிந்தது, இனி உங்கள் முறை. கதிரவனை நேராகப் பார்க்கக் கூடாது; பார்க்கவும் தேவையில்லை. தெற்கு நோக்கிய சன்னலை அட்டையால் மூடி, அதில் 3 மில்லிமீட்டர் துளையிடுங்கள். கதிரவன் தெற்கே சாய்ந்திருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நண்பகலில் தரையில் ஒரு வட்டம் விழும். வாரம் ஒருமுறை அது எங்கே விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்து, தேதியும் எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் வீட்டுத் தரையிலும் கதிரவன் நடந்து போகும் கோடு ஒன்று உருவாகியிருக்கும்.